நான்கா ஐந்தா என்று கேட்பதற்கு முன்னால்

மவுஸை மேசையின் மேல் இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினால் விளையாட்டில் பார்வை அதற்கேற்ற அளவு திரும்பும். கையை நிறுத்தினால் பார்வையும் நின்றுவிடும். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் வலது ஸ்டிக் அப்படிப்பட்டதல்ல. அதைப் பாதி தூரம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தால், விரலை எடுக்கும்வரை பார்வை சுற்றிக்கொண்டே இருக்கும். மவுஸின் கட்டளை "இவ்வளவு தூரம் திரும்பு". ஸ்டிக்கின் கட்டளை "இந்த வேகத்தில் திரும்பிக்கொண்டே இரு". எங்கே நிற்க வேண்டும் என்று ஸ்டிக் சொல்வதே இல்லை. கட்டைவிரலைத் தளர்த்தும் கணத்தில் அதை நாம்தான் முடிவு செய்கிறோம்.

சென்சிட்டிவிட்டி, அதாவது ஸ்டிக்கைச் சாய்த்தால் பார்வை எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்ற அமைப்பு, பற்றிய பேச்சு பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாமல் நேராக எண்ணுக்குப் போய்விடுகிறது. "எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள், ஒரு எண் பதிலாக வரும், கேட்டவர் அதை அப்படியே தம் கருவியில் போட்டுக்கொள்வார். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற சுடும் விளையாட்டை ஆடுபவர்களிடையே அந்தப் பதில் ஏறக்குறைய ஒரு மந்திரமாகவே ஆகிவிட்டது: "4-3 லீனியர்". சாதாரணமாகப் பார்வையைத் திருப்ப 4, துப்பாக்கியின் குறிவழியே பார்க்கும்போது 3, ஸ்டிக்கின் சாய்வுக்கும் வேகத்துக்கும் நேர்கோட்டு உறவு. என் அண்ணன் மகன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முதல் வேலையாக என் அமைப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, "சித்தப்பா, இன்னும் இதை மாற்றவில்லையா?" என்று வருத்தப்படுவான். அவன் வயதில் ஓர் எண்ணின் மேல் அவ்வளவு நம்பிக்கை இருப்பதில் தவறில்லை. என் கட்சி வேறு. அந்த எண் கடைசியாகத் தொட வேண்டியது. அதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை நான்கைந்து இருக்கின்றன. அவற்றில் ஒன்று கோணலாக இருந்தாலும் நான்கும் உதவாது, ஐந்தும் உதவாது.

ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். மையத்திலிருந்து விளிம்புவரை ஸ்டிக்கைச் சாய்க்கும்போது கட்டைவிரல் நுனி பயணிப்பது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். முழுச் சாய்வில் பார்வை விநாடிக்கு 240 பாகை திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் தொலைவில் ஓர் எதிரி விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுகிறான். அவனைக் குறியில் வைத்திருக்கப் பார்வை விநாடிக்கு 13 பாகை சுற்றினால் போதும். 240-இல் 13 என்பது ஆறு சதவீதத்துக்கும் குறைவு. நேர்கோட்டு அமைப்பில் அது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய சாய்வு. ஸோனியின் கன்ட்ரோலர்கள் ஸ்டிக்கின் நிலையை ஒவ்வோர் அச்சுக்கும் 0 முதல் 255 வரையான எண்ணாக அனுப்புகின்றன. மையத்திலிருந்து ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது 127 படிகள். மேற்சொன்ன எதிரியைத் தொடரத் தேவைப்படுவது அவற்றில் முதல் ஏழு. அதே ஆள் 5 மீட்டர் தொலைவில் ஓடினால் விநாடிக்கு 80 பாகை வேண்டும். அது முழு வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு, விரலுக்கு எளிதில் பிடிபடும் சாய்வு.

இன்னொரு கணக்கும் உண்டு. அரை மீட்டர் அகலமுள்ள உருவம் 30 மீட்டரில் ஏறக்குறைய ஒரு பாகை அகலமாகத் தெரியும். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில், முழுச் சாய்வில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் பார்வை 4 பாகை தாவிவிடுகிறது. 30 ஃபிரேம் என்றால் 8 பாகை. எதிரியைத் தாண்டிப் போனதைக் கண் அறியும் முன்பே தாண்டியாகிவிட்டது. ஆகவே பட்டியலில் நாம் மாற்றும் அந்தப் பெரிய எண், அதாவது உச்ச வேகம், குறிபார்ப்பதற்கு உதவுவதே இல்லை. பின்னாலிருந்து சுடப்படும்போது சட்டென்று திரும்பத்தான் அது. குறிபார்ப்பது முழுவதும் மையத்தை ஒட்டிய சிறு வட்டத்துக்குள் நடக்கிறது. அந்தச் சிறு வட்டத்தைச் செப்பனிடுவதுதான் உண்மையான வேலை.

அங்கே முதலில் எதிர்ப்படுவது டெட் ஸோன். பழைய சைக்கிளின் பிரேக் பிடியை இழுக்கும்போது, கட்டை சக்கரத்தைத் தொடும்வரை கொஞ்ச தூரம் வெறுமனே வருமே, அதைப் போன்ற ஒரு வெற்றுப் பகுதி ஸ்டிக்கின் மையத்தைச் சுற்றி வேண்டுமென்றே வைக்கப்படுகிறது. காரணம் எளியது. பெரும்பாலான ஸ்டிக்குகளுக்குள் இருப்பவை இரண்டு சிறு பொட்டென்ஷியோமீட்டர்கள், ஒன்று கிடைமட்டத்துக்கு, மற்றொன்று செங்குத்துக்கு. கார்பன் பூசிய தடத்தின்மேல் ஓர் உலோக நுனி உரசிக்கொண்டே நகர்கிறது; அந்த இடத்தின் மின்னழுத்தமே ஸ்டிக்கின் நிலை. விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதை மையத்துக்குத் தள்ளும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே புள்ளிக்கு அல்ல. நாளாக ஆக ஸ்பிரிங் தளரும், தடம் தேயும். தொடாதபோதே பார்வை மெல்ல நகர்ந்தால் அதைத்தான் ட்ரிஃப்ட் என்கிறோம். அந்தச் சிறு பிழைகளை விழுங்குவதற்காக வந்தது டெட் ஸோன்.

அது எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஓர் ஆதாரம் எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்திலேயே இருக்கிறது. விளையாட்டுகள் கன்ட்ரோலரைப் படிக்கப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்இன்புட் நிரல் இடைமுகத்தில் ஸ்டிக்கின் மதிப்பு ஒரு பக்கத்துக்கு 32,767 வரை போகும். அதே இடைமுகம் விளையாட்டு எழுதுவோருக்குப் பரிந்துரைக்கும் டெட் ஸோன் இடது ஸ்டிக்குக்கு 7,849, வலது ஸ்டிக்குக்கு 8,689. வலதுபுறம் ஏறத்தாழ 26 சதவீதம்! கால்வாசிப் பயணம் ஒன்றுக்கும் உதவாமல் போகிறது. எந்தத் தேய்ந்த கன்ட்ரோலரிலும் விளையாட்டு ஓட வேண்டும் என்பதற்காக வைத்த எண் அது. நல்ல நிலையில் உள்ள ஸ்டிக்குக்கு இவ்வளவு தேவையில்லை.

அளவைவிட மோசமான தொல்லை ஒன்றும் இங்கே ஒளிந்திருக்கிறது. டெட் ஸோனைத் தாண்டியதும் வேகம் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அதாவது மிச்சமுள்ள முக்கால்வாசிப் பயணத்தை மறுபடி 0 முதல் 100 வரை பங்கிட்டுத் தர வேண்டும். சோம்பேறித்தனமாக எழுதப்பட்ட விளையாட்டுகள் இதைச் செய்வதில்லை. 26 சதவீதம்வரை அசைவே இல்லை. அதைத் தாண்டியதும் நேராக 26 சதவீத வேகம். நம் உதாரணத்தில் விநாடிக்கு 62 பாகை. அதைவிட மெதுவாகப் பார்வையைத் திருப்ப அந்த விளையாட்டில் வழியே இல்லை. தொலைவில் ஓடுபவனுக்குத் தேவை 13 பாகை என்று மேலே பார்த்தோம். இப்படிப்பட்ட விளையாட்டில் சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் மையத்தின் துள்ளல் கொஞ்சம் அடங்கும். ஆனால் திரும்பும் வேகமும் சேர்ந்து செத்துவிடும். "குறைத்தால் ஆமை, கூட்டினால் குரங்கு" என்று புலம்புபவர்கள் பலர் இந்த வலையில் சிக்கியவர்கள்.

டெட் ஸோனின் வடிவத்தையும் சோதித்துவிடுவது நல்லது. இரண்டு அச்சுகளுக்கும் தனித்தனியே டெட் ஸோன் வைத்திருந்தால் மையத்தில் சிலுவை வடிவில் ஒரு வெற்றிடம் உருவாகும். குறியைக் கொண்டு சுவரில் மிக மெதுவாக ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். கிடையாகவும் செங்குத்தாகவும் போகும் இடங்களில் குறி தண்டவாளத்தில் ஏறியதுபோல் ஒட்டிக்கொண்டால் அந்த விளையாட்டில் சிலுவைதான். அமைப்புகளில் டெட் ஸோனைக் குறைக்க வழியிருந்தால் குறையுங்கள். இல்லையென்றால் அந்த விளையாட்டோடு சமாதானமாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

என் சொந்த முறை இதுதான். டெட் ஸோனை இல்லவே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுபோய்விடுவேன். ஸ்டிக்கை நான்கு திசைகளிலும் தள்ளி, ஒவ்வொரு முறையும் பட்டென்று விட்டுவிட்டு, பார்வை நகர்கிறதா என்று பார்ப்பேன். நகர்ந்தால் ஒரு படி ஏற்றுவேன். நிற்கும் வரை ஏற்றி, அதற்கு மேல் ஒரே ஒரு படி கூடுதலாக விட்டுவைப்பேன். கால் ஆஃப் டியூட்டி என்ற சுடும் விளையாட்டின் அண்மைய பதிப்புகளில் இதை எண்ணாகவே நுணுக்கமாகத் தர முடிகிறது. ஏபெக்ஸின் சாதாரணப் பட்டியலில் "இல்லை", "சிறியது", "பெரியது" என்று மூன்றே நிலைகள். கன்ட்ரோலர் புதிது என்றால் சிறியதே போதும். விளிம்பிலும் இதே சிக்கல் தலைகீழாக உண்டு. தேய்ந்த ஸ்டிக் சில திசைகளில் முழு மதிப்பை எட்டாது. வலப்பக்கம் திரும்பும் வேகமும் இடப்பக்கம் திரும்பும் வேகமும் வேறுபடும். வெளி எல்லையைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்தால் தீரும் பிரச்சினை இது.

அடுத்தது வளைகோடு, அதாவது எந்தச் சாய்வுக்கு எவ்வளவு வேகம் என்ற உறவு. எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். நேர்கோட்டில் பாதிச் சாய்வுக்குப் பாதி வேகம். சாய்வை அதனாலேயே பெருக்கிக்கொண்டால், அதாவது வர்க்க வளைகோட்டில், பாதிச் சாய்வுக்குக் கால் வேகம், கால் சாய்வுக்கு ஆறேகால் சதவீத வேகம். மேலே சொன்ன 30 மீட்டர் எதிரிக்கு மறுபடியும் வருவோம். நேர்கோட்டில் அவனைத் தொடர அரை மில்லிமீட்டர் சாய்வு வேண்டியிருந்தது. வர்க்க வளைகோட்டில் அதே 13 பாகைக்கு ஸ்டிக்கை ஏறக்குறைய கால் பங்கு சாய்க்க வேண்டும், அதாவது இரண்டரை மில்லிமீட்டர்போல. உச்ச வேகம் மாறவில்லை; மெதுவான பகுதிக்குக் கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. சென்சிட்டிவிட்டி எண்ணை எவ்வளவு உருட்டினாலும் கிடைக்காத வசதி இது.

இலவசமாகக் கிடைப்பதல்ல. மையத்தில் சேமித்த இடத்தை விளிம்புக்கு அருகே இழக்கிறோம். தொண்ணூறு சதவீதச் சாய்வில் விரலின் சிறு நடுக்கம் நேர்கோட்டில் தருவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு மாற்றத்தை வேகத்தில் உண்டாக்கும். நெருங்கி நின்று சண்டையிடும்போது, எதிரி இங்குமங்கும் தாவிக்கொண்டிருக்கையில், நமக்கு வேண்டியது நடு வேகங்கள். அங்கே விரல் சொன்னதும் பார்வை கேட்கும் நேர்கோடு சுகமாக இருக்கும். ஏபெக்ஸ் ஆட்டக்காரர்கள் லீனியரை விரும்புவதன் காரணம் இப்போது தெரிகிறதல்லவா? அந்த விளையாட்டின் சண்டைகள் பெரும்பாலும் நெருக்கத்தில் முடிகின்றன. கன்ட்ரோலருக்கு மென்பொருள் தரும் உதவியும் அங்கே தாராளம். தொலைவில் நின்று சுடும் பழக்கமுள்ள ஒருவர் அதே லீனியரை வைத்துக்கொண்டு திண்டாடினால் குற்றம் அவர் விரலில் இல்லை. கால் ஆஃப் டியூட்டி 2019-இல் ஸ்டாண்டர்ட், லீனியர், டைனமிக் என்று மூன்று வளைகோடுகளைப் பட்டியலிலேயே வைத்தது. ஸ்டாண்டர்ட் என்பது மையத்தில் மெதுவான, வர்க்க வளைகோட்டின் உறவுக்காரன். டைனமிக் என்பது கிடத்திப் போட்ட எஸ் எழுத்துப் போன்ற வடிவம். பலர் டைனமிக்கை மெச்சுகிறார்கள். எனக்கு அது பழகவில்லை. எந்தச் சாய்வில் வேகம் எப்படி மாறும் என்று விரலால் ஊகிக்க முடியவில்லை.

மென்பொருள் உதவி என்றேனே, எய்ம் அசிஸ்ட், அதையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். இரண்டு ஸ்டிக்குகளால் சுடும் விளையாட்டு ஆடுவது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் 2000-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஏலியன் ரெசரெக்‌ஷன் விளையாட்டு, இடது ஸ்டிக்கால் நடக்கவும் வலது ஸ்டிக்கால் பார்க்கவும் செய்தபோது, அந்த முறையைக் கேலி செய்தே விமர்சனம் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் எக்ஸ்பாக்ஸோடு வந்த ஹேலோ அதே முறையை உலகம் ஏற்றுக்கொள்ளும்படி செய்தது. குறி எதிரியின் மேல் வந்ததும் பார்வை திரும்பும் வேகத்தை மெல்லக் குறைத்தது. எதிரி நகர்ந்தால் குறியையும் கொஞ்சம் கூடவே இழுத்துச் சென்றது. இந்த இரண்டு வேலைகளையும் இன்றைய விளையாட்டுகள் ஏதோ ஒரு விகிதத்தில் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

இதன் பொருள் என்னவென்றால், எதிரியின் மேல் குறி இருக்கும்போது உங்கள் சென்சிட்டிவிட்டி பட்டியலில் போட்ட எண் அல்ல. வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு அமைத்த வேகம் உயிருள்ள எதிரியின் மேல் வேறு மாதிரி இருக்கும். ஆகவே டெட் ஸோனையும் வளைகோட்டையும் சுவரில் சோதிக்கலாம். வேகத்தைப் பயிற்சிக் களத்துப் பொம்மைகளின் மேல்தான் சோதிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. பல விளையாட்டுகளில் குறியை இழுத்துச் செல்லும் உதவி, நடக்கும் இடது ஸ்டிக்கை அசைத்துக்கொண்டிருந்தால்தான் விழித்துக்கொள்ளும். நின்ற இடத்தில் நின்று வலது ஸ்டிக்கை மட்டும் நெருடிக்கொண்டிருப்பவர்கள் தங்களுக்குச் சேர வேண்டியதில் பாதியைக் கைவிடுகிறார்கள். எதிரி இடப்பக்கம் ஓடினால் நீங்களும் இடது ஸ்டிக்கால் இடப்பக்கம் நகருங்கள். சரிசெய்ய வேண்டிய கோணம் அந்த நகர்விலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும்; வலது ஸ்டிக்குக்கு மிச்சமிருப்பது கொசுறு. நல்ல ஆட்டக்காரர்களின் பதிவுகளைப் பார்க்கும்போது அவர்கள் வலது கட்டைவிரலைப் பார்த்து வியக்கிறோம். வியக்க வேண்டியது இடது கட்டைவிரலை.

தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் வீடுகளில் நான் பார்க்கும் கோளாறுகளில் முதலிடம் அதற்குத்தான். படத்தை அழகாக்கும் செயலாக்கங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால், விரல் அசைந்ததற்கும் அது திரையில் தெரிவதற்கும் இடையில் 100 மில்லிவிநாடியைத் தாண்டிய தாமதம் ஏற்படுவது அரிதல்ல. விநாடிக்கு 80 பாகை சுற்றிக்கொண்டிருக்கும்போது 100 மில்லிவிநாடி என்பது 8 பாகை. நிறுத்த வேண்டும் என்று தோன்றும் நேரத்தில் உண்மையான குறி எட்டுப் பாகை தள்ளிப் போயிருக்கிறது. இதைத் தம் விரலின் பிழை என்று எண்ணிச் சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. பெட்டியின் படப் பட்டியலில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த எண். இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிக் குறைப்பதில் அர்த்தமில்லை; பிழையின் போக்கைப் பார்க்க வேண்டும். 1899-இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் வுட்வொர்த் ஓர் உண்மையை எழுதிவைத்தார். இலக்கை நோக்கிய கையசைவு இரண்டு பகுதிகளைக் கொண்டது: முதலில் முன்கூட்டியே திட்டமிட்ட ஒரு பாய்ச்சல், பிறகு கண்ணால் பார்த்துச் செய்யும் திருத்தம். வலது ஸ்டிக்கில் இது அப்படியே தெரியும். பயிற்சிக் களத்தில் இரண்டு பொம்மைகளுக்கிடையே குறியை மாற்றி மாற்றிக் கொண்டுபோங்கள். முதல் பாய்ச்சல் எப்போதும் இலக்கைத் தாண்டியே விழுகிறதா? வேகம் அதிகம். எப்போதும் முன்னாலேயே நின்று, மறுபடி ஒரு தள்ளல் தேவைப்படுகிறதா? வேகம் குறைவு. ஒருமுறை தாண்டி, ஒருமுறை முன்னால் நின்று, ஒழுங்கே இல்லாமல் இருந்தால் எண்ணைத் தொடாதீர்கள். அது டெட் ஸோனின் வேலையாகவோ, வளைகோட்டின் வேலையாகவோ, அல்லது கன்ட்ரோலரை நெரித்துப் பிடிக்கும் கையின் வேலையாகவோ இருக்கும். கடைசியில் சொன்னது வேடிக்கையல்ல. தசைக்குச் செல்லும் கட்டளை எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்கு அதில் கலக்கும் இரைச்சலும் பெரிது என்று ஹாரிஸும் வோல்பர்ட்டும் 1998-இல் நேச்சர் இதழில் விளக்கியிருக்கிறார்கள். இறுக்கிப் பிடித்தால் நடுங்கும். பதற்றத்தில் இன்னும் இறுக்குவோம், இன்னும் நடுங்கும்.

இதற்கு அப்பால் நான் விடாமல் செய்யும் பயிற்சி ஒன்றே ஒன்று. சுவரில் ஒரு புள்ளியைத் தேர்ந்துகொண்டு, இடது ஸ்டிக்கால் பக்கவாட்டில் நடந்தபடி, வலது ஸ்டிக்கால் குறியை அந்தப் புள்ளியிலேயே ஒட்டவைத்திருப்பது. நடக்கும் திசையைத் திடீர் திடீரென்று மாற்ற வேண்டும். வேகம் சரியாக இருந்தால் குறி புள்ளியைச் சுற்றி நெளியும், ஆனால் ஓடிவிடாது. இதில் குறி தாவாமல் இருக்கும் மிக உயர்ந்த வேகம் எதுவோ அதுவே எனக்கான எண். அது வேறொருவருக்கு எப்படிப் பொருந்தும்?

குறிபார்க்கும் நிலைக்கான தனி எண்ணில்தான் மிகுதியான குழப்பம். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்க்கும்போது பார்வைக்கோணம் சுருங்குகிறது. அதே வேகத்தில் திரும்பினால் திரையில் எல்லாம் பறக்கும். 80 பாகைக் கோணம் 40 பாகையாகச் சுருங்கினால் வேகத்தைப் பாதியாக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் திரையின் நடுவில் பொருள்கள் நகரும் வேகம் அரைக்கோணங்களின் டேன்ஜென்ட் விகிதத்தைப் பொறுத்தது, கணக்கிட்டால் 0.43 வருகிறது. விளையாட்டு இந்தக் கணக்கைத் தானே செய்கிறதா, நம்மிடம் விட்டுவிடுகிறதா என்பது ஒவ்வொன்றிலும் வேறுபடும். ஏபெக்ஸில் ஒவ்வொரு வகைக் குறிக்கண்ணாடிக்கும் தனி எண் தரும் வசதி இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு மாலை முழுவதும் தொலைத்தவர்களை அறிவேன். இரண்டே இரண்டைச் சரிசெய்தால் போதும்: பெருக்கம் இல்லாதது, நீங்கள் அதிகம் பயன்படுத்தும் பெருக்கி. இதே காரணத்தால், பார்வைக்கோணத்தை 80-இலிருந்து 110-க்கு மாற்றினால் நடுத்திரை உருவங்கள் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகச் சிறுத்துவிடும். எண்ணை நீங்கள் தொடவே இல்லை என்றாலும் எல்லாம் மந்தமானதுபோல் இருக்கும். முதலில் பார்வைக்கோணத்தை முடிவு செய்யுங்கள். சென்சிட்டிவிட்டி அதற்குப் பிறகு.

கார்ப் பந்தய விளையாட்டுகளுக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அங்கே ஸ்டிக்கின் சாய்வு ஸ்டியரிங்கின் கோணமாகிறது. விட்டால் சக்கரம் நேராகிவிடும். மவுஸின் குணத்துக்கு அருகில் வருகிறது எனலாம். எஃப்1 தொடரில் ஸ்டியரிங் லீனியாரிட்டி என்ற அமைப்பைக் கொஞ்சம் ஏற்றினால், நேர்ச்சாலையில் கார் பாம்புபோல் நெளிவது நின்றுவிடும். அதோடு அங்கே என் அக்கறை முடிந்தது.

எந்த அமைப்பாலும் தேய்ந்த ஸ்டிக்கை இளமையாக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெட் ஸோனை ஏற்றிக்கொண்டே போய் ட்ரிஃப்டை மறைப்பவர்கள், துல்லியம் இருக்கும் இடத்தையே மூடிக்கொண்டிருக்கிறார்கள். உரசலே இல்லாமல் காந்தப்புலத்தை அளக்கும் ஹால் விளைவு உணரிகள் கொண்ட கன்ட்ரோலர்கள் இப்போது கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன. டிஎம்ஆர் என்ற இன்னொரு வகைக் காந்த உணரியும் வந்துவிட்டது. புதுமை என்று விளம்பரம் செய்கிறார்கள். 1998-இல் வெளிவந்த சேகா டிரீம்காஸ்டின் ஸ்டிக்கில் ஹால் உணரிதான் இருந்தது! தடம் தேய்வதில்லை என்பதால் ட்ரிஃப்ட் வெகுவாகக் குறையும்; ஸ்பிரிங் தளர்வது இதிலும் உண்டு. ஸ்டிக்கின் மேல் பொருத்தும் உயரமான மூடிகளும் வீண்செலவல்ல. சாய்வுக் கோணம் அதேதான், ஆனால் விரல் நுனி பயணிக்கும் தூரம் கூடுகிறது. அந்த அரை மில்லிமீட்டர் கொஞ்சம் பெரிதாகிறது.

கடைசியாக ஜைரோ, அதாவது கருவியே எவ்வளவு திரும்புகிறது என்பதை அளக்கும் உணரி. இங்கே ஒரு முரண் எனக்கு எப்போதும் சுவையாக இருக்கிறது. நம் ஊரில் கன்ட்ரோலரையே தொட்டிராத எத்தனையோ பிள்ளைகள், கைபேசியில் பிஜிஎம்ஐ என்ற சுடும் விளையாட்டை ஆடும்போது, கைபேசியையே லேசாகச் சாய்த்துத் துப்பாக்கியின் உதைப்பை அடக்குகிறார்கள். பெருக்கம் இல்லாத ரெட் டாட் குறிக்கண்ணாடி முதல் எட்டு மடங்குப் பெருக்கிவரை ஒவ்வொன்றுக்கும் தனி ஜைரோ அளவு வைத்துக்கொண்டு, அதைக் குறியீடாகப் பகிர்ந்தும் கொள்கிறார்கள். குறியீட்டை வாங்கிப் போடும் பழக்கத்தை நான் மெச்சவில்லை. கைபேசியின் அளவும் எடையும் மாறினால் அந்த எண்கள் பொருளிழந்துவிடும். ஆனால் ஜைரோவைக் கையில் எடுத்த விஷயத்தில் அவர்கள் பெரிய திரைக்காரர்களைவிட முன்னால் போய்விட்டார்கள். ஏனென்றால் ஜைரோ ஸ்டிக்கைப் போன்றதல்ல, மவுஸைப் போன்றது. கையை 5 பாகை திருப்பினால் பார்வை அதற்கேற்ற அளவு திரும்பி நின்றுவிடும்; நிறுத்தும் வேலை தானாகவே முடிந்துவிடுகிறது. ஸ்டிக் தராத ஒன்று அது.

2015-இல் வந்த நின்டெண்டோவின் ஸ்பிளட்டூன் விளையாட்டு இதை வீட்டுத் திரைக்குப் பழக்கியது. அதே ஆண்டு வந்த ஸ்டீம் கன்ட்ரோலரும், 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியும் ஜைரோவோடு வந்தவை. ஃபோர்ட்நைட் 2022-இல் முறையான ஜைரோ ஆதரவைச் சேர்த்தது. பிளேஸ்டேஷனின் கன்ட்ரோலர்களில் ஜைரோ உண்டு. எக்ஸ்பாக்ஸின் வழக்கமான கன்ட்ரோலரில் இல்லை, அது ஏன் என்று எனக்கு விளங்கியதே இல்லை. உங்கள் விளையாட்டில் இருந்தால், குறிபார்க்கும் நிலையில் மட்டும் இயங்கும்படி முதலில் போடுங்கள். கன்ட்ரோலர் ஒரு பாகை திரும்பினால் பார்வை இரண்டு அல்லது மூன்று பாகை திரும்பும் விகிதத்தில் தொடங்குங்கள். முதல் சில நாள் கை தள்ளாடும். மடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் அடங்கும். நுணுக்கத்தை ஜைரோ பார்த்துக்கொள்ளத் தொடங்கியதும் ஸ்டிக்குக்குத் திரும்பும் வேலை மட்டுமே மிஞ்சும். அப்போது அண்ணன் மகன் கேட்டபடி நான்கு என்ன, ஆறுகூட வைத்துக்கொள்ளலாம். நான் ஐந்தில் வைத்திருக்கிறேன்.